பல்லிடைவெளியும் பரிகாரமும்

(ஆலயத் திருவிழாவையொட்டிப் பூச்சோங்கில் நிகழ்த்தப்பெற்ற நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)

 

எச்செயலைத் தொடங்கினும் முதலில் வணங்கப்பெறுபவர் விநாயகப் பெருமான். அவருக்கு ஏகதந்தர் என்றொரு திருநாமம் உண்டு. வியாசர் சொல்லச் சொல்ல மகாபாரதத்தை எழுதும் பொருட்டுத் தம் கொம்பையே ஒடித்து எழுத்தாணியாக்கிக் கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை. தக்கன் வேள்வியிலே வீரபத்திரர், பூடன் என்னும் தேவனின் பற்களைத் தகர்த்தார் என்றும், அதன்பின் அவன் மாவாக இடித்த உணவையே உண்ண நேர்ந்தது என்றும் புராணம் கூறும். முதற்கதையில் பல்லிழப்பு தியாகம். இரண்டாவதில் அது தண்டனை. மனிதருக்கு நேரும் பல்லிழப்போ பெரும்பாலும் கவனக்குறைவின் விளைவு. அந்த இழப்புக்குச் சில வேளைகளில் முன்னறிவிப்பாக வருவது, பற்களுக்கிடையே புதிதாகத் தோன்றும் ஒரு சிறு இடைவெளி.

பல்லிடைவெளியைப் பற்றி மக்களிடையே இருவகை எண்ணங்கள் நிலவுகின்றன. முன்பற்களுக்கிடையே சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்பார் ஒரு சாரார். அந்த நம்பிக்கை நம்மவரிடம் மட்டும் இருப்பதன்று. பிரெஞ்சுக்காரர் இத்தகைய பற்களை ‘மகிழ்ச்சிப் பற்கள்’ என்று பெயரிட்டு அழைக்கின்றனர். நைஜீரியாவின் யொரூபா மக்கள் இதனை அழகின் அடையாளமாகப் போற்றுகின்றனர். மற்றொரு சாராரோ இதனைக் குறையாகக் கருதி, பெண் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்களோ என்று கலங்குவர். புகைப்படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வர். இவ்விரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: இந்த இடைவெளி எப்போது வந்தது, ஏன் வந்தது? இவ்வுரையின் சாரம் முழுவதும் அக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

குழந்தைப் பருவத்து இடைவெளி

குழந்தைகளுக்கு இருபது பாற்பற்கள். அவற்றிற்கிடையே இடைவெளி காணப்படுவது நல்லதே ஆகும். பின்னர் முளைக்கும் நிலைப்பற்கள் அளவிற் பெரியவை. அவை அமர்வதற்கு இயற்கை முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிறது.

ஏழு எட்டு வயதில் மேல் தாடையின் நடுப்பற்கள் இரண்டும் முளைக்கின்றன. அவை விசிறிபோல் விலகி, நடுவே சந்துடன் நிற்பதைக் கண்டு தாய்மார்கள் பதறுவதுண்டு. பதற்றம் வேண்டியதில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் மேல் கோரைப்பற்கள் இறங்கி வரும்போது அவை ஏனைய முன்பற்களை நெருக்கி, பல குழந்தைகளுக்கு அந்தச் சந்தைத் தாமாகவே மூடிவிடுகின்றன. ஆகவே, எட்டு வயதுப் பிள்ளைக்குச் சந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் கம்பி கட்டச் சொல்லி வற்புறுத்துவது தேவையற்ற செலவு.

ஆயினும், சில குழந்தைகளுக்கு அது தானாக மூடுவதில்லை. அதற்குக் காரணங்கள் பல. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் தசைமடிப்பு தடித்துக் கீழிறங்கி, இரு பற்களுக்கு நடுவே புகுந்திருக்கலாம். நடுப்பற்களுக்கு அருகிலுள்ள பக்கப்பற்கள் பிறவியிலேயே முளைக்காமல் இருக்கலாம். அல்லது ஆணிபோல் சிறுத்திருக்கலாம். இரு நடுப்பற்களுக்கும் இடையே எலும்புக்குள் மிகைப்பல் ஒன்று மறைந்திருந்து அவற்றை விலக்கி வைத்திருக்கலாம். இதனைக் கதிர்ப்படம் எடுத்தால்தான் காண முடியும். விரல் சூப்பும் பழக்கமும், விழுங்கும்போது நாக்கால் பற்களை முன்தள்ளும் பழக்கமும் பற்களை விலகச் செய்யும். இடைவெளி ஒன்றே ஆயினும் காரணம் ஐந்தாறு. காரணம் மாறினால் சிகிச்சையும் மாறும்.

இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நற்பேறு வாய்த்துள்ளது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் திட்டம் 1949ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கப்பெற்றது. அதன் தொடர்ச்சியாகவே தமிழ்ப்பள்ளி உட்பட அனைத்துப் பள்ளிகளுக்கும் பல் மருத்துவக் குழுவினர் வருகின்றனர். பிள்ளை கொண்டுவரும் அட்டையையோ கடிதத்தையோ பையிலேயே கசங்க விடாமல் படித்துப் பார்த்து, மேல் பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தால் அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை.

வளர்ந்தவருக்குப் புதிதாக வரும் இடைவெளி

இனி, இவ்வுரையில் மிக முக்கியமான பகுதி. நாற்பது, ஐம்பது வயதுவரை நெருக்கமாக இருந்த முன்பற்கள் சிறிது சிறிதாக விலகுகின்றன, முன்புறம் நீள்கின்றன, உணவு சிக்குகிறது. ‘வயதானால் அப்படித்தான்’ என்று சொல்லிப் பலர் இருந்துவிடுகின்றனர். இது முதுமையின் இயல்பன்று; பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறியாகும்.

பல் நேரடியாக எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்கள் அதனைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்துள்ளன. பல்லின் மீது படியும் அழுக்குப் படலம் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. அங்குக் குடியேறும் கிருமிகளால் ஈறு வீங்கிக் கசிகிறது. பின்னர் நார்களும் எலும்பும் அழிகின்றன. பிடிமானம் குறைந்த பல், நாக்கின் தள்ளுதலுக்கும் கடியின் அழுத்தத்திற்கும் ஈடுகொடுக்க இயலாமல் நகர்கிறது. பெரும்பாலும் வலி இராது என்பதுதான் இந்நோயின் வஞ்சகம். பல் துலக்கும்போது இரத்தம் கசிவது, வாய் நாற்றம், ஈறு இறங்குவது, பல் ஆடுவது, புதிதாகச் சந்து தோன்றுவது ஆகியவையே அதன் குரல்.

இதனோடு நெருங்கிய உறவுடையது, மலேசியத் தமிழரிடையே ‘இனிப்பு நீர்’ என்று வழங்கும் நீரிழிவு நோய். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். இந்தியரிடையே அந்த விகிதம் ஏனைய பேரினத்தாரைவிடக் கூடுதல் என்பதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் சர்க்கரை அளவு சிறிது இறங்குவதையும் மருத்துவ ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே, புதிதாகச் சந்து கண்டவர் பல் மருத்துவரை நாடுவதோடு இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக் கொள்வது அறிவுடைமை.

மற்றொரு காரணமும் உண்டு. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைப் பல ஆண்டுகள் வெறுமையாக விட்டுவிடுவோர் பலர். வரிசையில் ஒருவர் விலகினால் அடுத்து நிற்பவர் அவ்விடத்தில் சாய்வதைப்போல், பக்கத்துப் பற்கள் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த் தாடைப் பல் நீண்டு இறங்குகிறது. பின்னே இழந்த ஒரு பல்லின் விளைவு முன்னே சந்துகளாக வெளிப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

காரணம் தெளிவான பின்னரே வழிமுறைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, ஒன்றும் செய்யாமல் விடுதல். இதுவும் மருத்துவம் ஏற்கும் வழியே. ஈறு நலமாக இருந்து, இடைவெளி இளமை முதலே மாறாமல் இருந்து, உடையவருக்கும் அதனால் மனக்குறை இல்லையெனில் அதனை மூடவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ‘பல் போனால் சொல் போச்சு’ என்னும் பழமொழியைக் கூறி, பிள்ளைக்குத் தேவாரம் ஓத வராதோ என்று அஞ்சுவோரும் உளர். தகரமும் நகரமும் நாக்கு பல்லடியைத் தொடுவதால் பிறக்கின்றன என்று தொல்காப்பியம் கூறுவது உண்மையே. எனினும் சிறு சந்து ஒன்று இருப்பதனால் பேச்சு கெடுவது அரிது. அகன்ற சந்தாயின் ‘ஸ’ போன்ற ஒலிகளில் சீழ்க்கை போலக் காற்று கலக்கலாம், அவ்வளவே.

இரண்டாவது, பல் நிறத்துப் பிசினைப் பற்களின் ஓரங்களில் ஒட்டி அகலமாக்குதல். இதனைக் காம்போசிட் என்பர். 1955ஆம் ஆண்டு அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர், மெல்லிய அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். அந்தக் கண்டுபிடிப்பின் பயனே இம்முறை. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். பல்லைத் தேய்க்க வேண்டிய தேவை மிகக் குறைவு. செலவும் ஒப்பளவில் குறைவு. ஆயினும் காப்பி, தேநீர், வெற்றிலை ஆகியவற்றின் கறை படியும். சில ஆண்டுகளில் விளிம்பு உடையலாம். அப்போது செப்பனிடவோ மாற்றவோ நேரும். சிறிய சந்துக்கும், சிறுத்த பக்கப்பற்களுக்கும் இது ஏற்றது.

மூன்றாவது, வெனியர் எனப்படும் மெல்லிய பீங்கான் தகட்டைப் பல்லின் முகப்பில் ஒட்டுதல். 1920களின் இறுதியில் ஆலிவுட் நடிகர்களின் பற்கள் படப்பிடிப்பில் அழகாகத் தோன்ற வேண்டுமென்று சார்ல்ஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர் தற்காலிகத் தகடுகளை ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவை கழன்றுவிடும். இக்காலத் தகடுகள் பல்லாண்டு நிலைக்கின்றன. கறையும் எளிதில் ஏறாது. ஆனால் பல முறைகளில் பல்லின் எனாமலைச் சிறிது தேய்த்தெடுக்க வேண்டியுள்ளது. தேய்த்த எனாமல் மீண்டும் வளராது. நல்ல பல்லைத் தேய்ப்பதன் முன் இருமுறை சிந்திக்க வேண்டும்.

நான்காவது, பல் கம்பி கட்டிப் பற்களையே நகர்த்துதல். இதுவே இடைவெளியைப் பல்லால் மூடும் வழி. இதன் நுட்பம் வியக்கத்தக்கது. கம்பி மென்மையாக அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது; எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது; பல் மெல்ல இடம்பெயர்கிறது. அதனால்தான் அவசரம் உதவாது. முழுமையான சீரமைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆவதுண்டு. சிறிய சந்து மட்டுமாயின் காலம் குறையலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்வது கட்டாயம். தசைமடிப்பு காரணமாயின் அதனைச் சிறு அறுவையால் நீக்குவர். சந்தை மூடியபின் அதனைச் செய்வதே பெரும்பாலான நிபுணர்களின் வழக்கம். ஏனெனில், முன்னரே வெட்டினால் அங்கு உண்டாகும் தழும்பு பற்கள் நெருங்குவதற்குத் தடையாகலாம்.

ஐந்தாவது, கழற்றி மாட்டும் நிறமற்ற உறைகள். அலைனர் எனப்படும் இவை 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. வெளியே தெரியாது, உண்ணும்போது கழற்றிவிடலாம். நாள்தோறும் இருபது மணி நேரத்திற்குக் குறையாமல் அணியும் ஒழுங்கு உடையவருக்கே பயன் தரும். செலவும் அதிகம்.

ஆறாவது, பல்லே இல்லாததால் ஏற்பட்ட இடைவெளிக்கு உரியது. கழற்றி மாட்டும் கட்டுப்பல், இருபுறத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்ட பாலப்பல், தாடை எலும்பில் டைட்டேனியம் திருகைப் பதித்து அதன்மேல் அமைக்கும் இம்ப்ளான்ட் என மூன்று வழிகள் உள்ளன. டைட்டேனியம் எலும்போடு ஒன்றிவிடும் இயல்பைக் கண்டறிந்த சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க், 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இம்முறையைப் பயன்படுத்தினார். திருகு எலும்போடு ஒன்றச் சில மாதங்கள் பிடிக்கும். தாடை வளர்ச்சி முடியாத இளையோருக்கு இது பொருந்தாது. புகைப்பிடிப்போருக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் தோல்வி அடையும் வாய்ப்பு கூடுதல்.

எந்த வழியாயினும் ஈறு நோய் உள்ளவர் முதலில் காரையை நீக்கி, ஈற்றைக் குணப்படுத்திக்கொள்ளல் வேண்டும். நோயுற்ற ஈற்றில் கம்பி கட்டுவது, கறையான் அரித்த தூணுக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும். தூண் விழுவதை வண்ணம் தடுக்காது.

மேலும், கம்பியால் மூடிய சந்து மீண்டும் திறக்கும் இயல்புடையது. நடுப்பற்களின் சந்து அவ்வாறு திறப்பதில் முன்னிற்பது. ஆதலால் பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டியோ, இரவில் அணியும் ரிடெய்னர் கொண்டோ நெடுங்காலம் காத்தல் அவசியம். இரண்டாண்டு உழைப்பையும் பல ஆயிரம் ரிங்கிட்டையும், ரிடெய்னரை மேசை இழுப்பறையில் போட்டு வைத்ததனால் இழந்தோர் பலர்.

மலிவில் மறைந்திருக்கும் ஆபத்து

இங்கு இளையோருக்கு ஓர் எச்சரிக்கை. இரு முன்பற்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டினால் சில நாள்களில் சந்து மூடிவிடும் என்று சமூக ஊடகங்களில் காட்டப்படுகிறது. சந்து மூடுவது உண்மை. ஆனால் பல்லின் வேர் கீழே போகப் போகக் கூம்பு வடிவில் குறுகுவதால், அந்த வளையம் வழுக்கி ஈறுக்குள் புகுந்து மறைந்துவிடும். மறைந்தபின் வேரைச் சுற்றியுள்ள நார்களையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே மேலேறும். சில சென் பெறுமான வளையத்தால் நலமான இரு முன்பற்களும் ஆடி விழுந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இதற்கு அடுத்தது, போலிப் பல் கம்பி. வீட்டிலும், தங்குவிடுதி அறையிலும், அழகு நிலையத்திலும் குறைந்த விலைக்குக் கம்பி ஒட்டித் தருவோர் இந்நாட்டில் உளர். 2017ஆம் ஆண்டு மலாக்காவில், பதிவு பெறாமல் பல் மருத்துவம் நடத்திய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர் இணையக் காணொளிகளைப் பார்த்தே தொழிலைக் கற்றார் என்று செய்தி வெளிவந்தபோது நாடே வியந்தது. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் மற்றும் சேவைகள் சட்டத்தின்கீழ், பதிவின்றி மருந்தகம் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பின்னர் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் இயற்றப்பெற்று, பழைய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

எனினும், சட்டம் தண்டிப்பது குற்றம் நடந்த பின்னரே. பல்லை இழந்த பிள்ளைக்கு அபராதத் தொகை பல்லாக முளைப்பதில்லை. தூய்மையற்ற கருவி தொற்றுநோயைப் பரப்பும். அளவறியாத விசை வேரைக் கரைக்கும். கழன்று விழும் துண்டு தொண்டைக்குள் செல்லும். ஆதலால் வாயைத் திறப்பதற்கு முன் பெயரைக் கேளுங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, நடப்பாண்டுத் தொழிற்சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. மன்றத்தின் பதிவேட்டை இணையத்திலும் சரிபார்க்கலாம். உண்மையான மருத்துவர் அக்கேள்விக்காகச் சினம் கொள்ளார்.

எங்கே செல்வது? எப்படிக் கேட்பது?

‘தனியார் மருத்துவத்திற்கு வசதியில்லை, அதனால்தான் மலிவை நாடினோம்’ என்போரின் நிலையும் உணரத்தக்கதே. அவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. அரசாங்கப் பல் மருந்தகங்களில் குடிமக்களுக்குப் பரிசோதனையும், காரை நீக்கமும், அடைப்பும் மிகக் குறைந்த கட்டணத்தில் செய்யப்படுகின்றன. கம்பி கட்டும் சிகிச்சைக்கு அங்கிருந்து நிபுணரிடம் பரிந்துரைக்கப்படுவர். கடுமையான குறைபாடு உடையவருக்கு முன்னுரிமை தரப்படுவதால் காத்திருப்பு நீளும். 1972இல் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலம் போன்ற பயிற்சி நிலையங்களும் பொதுமக்களுக்குச் சிகிச்சை அளிக்கின்றன. பூச்சோங்கிலிருந்து அங்குச் செல்வது தொலைப்பயணமன்று. காத்திருக்கும் காலத்தில் ஈற்றைப் பேணினால் அதுவே பாதி மருத்துவம்.

மருத்துவரிடம் அமர்ந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன? ஈறும் எலும்பும் நலமாக உள்ளனவா? இதனை மூடாமல் விட்டால் தீங்கு உண்டா? எனக்குப் பொருந்தும் வழிகள் எவை, அவற்றுள் எதனால் நல்ல பல் தேயும்? மொத்தச் செலவும், பின்னாளில் பராமரிக்கும் செலவும் எவ்வளவு? இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்வதில் கூச்சம் வேண்டியதில்லை. தமிழில் பேசினால்தான் விளங்கும் என்னும் முதியோருடன் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உடன்செல்ல வேண்டும்.

மெய்யன்பர்களே! ஆலயக் கோபுரத்தில் சிறு விரிசல் கண்டால் உடனே சுண்ணாம்பு பூசி மறைப்பதில்லை. மழைநீர் எங்கிருந்து இறங்குகிறது, அடித்தளம் இறங்கியதா என்று ஸ்தபதியை அழைத்துப் பார்த்த பின்னரே திருப்பணி தொடங்குகிறது. உடம்பையும் ஆலயம் என்று கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தின் வாயிலில் தோன்றும் விரிசலுக்கும் அதே நிதானம் தேவை.

இளமை முதல் இருக்கும் சந்தாயின் அமைதியாக இருங்கள். விரும்பினால் மட்டும் மூடிக்கொள்ளுங்கள். புதிதாக வந்த சந்தாயின் தாமதியாதீர்கள். திருவிழா நிறைவுற்று இல்லம் திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பற்களையும் ஈறுகளையும் ஒருமுறை பாருங்கள். வீட்டிலுள்ள பெரியோரின் வாயையும் அன்போடு பாருங்கள். ஆடும் பல்லோ, விலகும் பல்லோ, கசியும் ஈறோ கண்டால் மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எல்லாரும் நோயற்ற வாழ்வு பெற்று, வாயாரப் பாடி வழிபட, எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.